தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார்

மண்ணூர்
6-1-2025

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

கோதண்டம் எழுதுவது. இங்கே நானும் ராஜம்மாவும் உங்கள் மாப்பிள்ளை பகலவனும் சௌக்கியம். இந்தப் பனிக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ராஜம்மா கேட்கச் சொன்னாள்.

போன் அடித்து அடித்து விரல் தேய்ந்தது. நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே பேனாவைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கார் கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். என் போனை மேனேஜரே இரண்டாவது மணியில் எடுப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் காவேரி போன மாதம் குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, தன் துணிப்பெட்டியையும் அந்தப் படகையும் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெண்கள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போவது உலகத்தில் உள்ளதுதான். நகையை எடுத்துக்கொண்டு போவார்கள். படகை எடுத்துக்கொண்டு போன பெண்ணை நான் கேள்விப்பட்டதில்லை. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

கல்யாணத்தில் சீர் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவளோ தன் அப்பா ஓட்டிய பழைய ஸ்பீடு படகைக் கூடவே கொண்டுவந்தாள். உங்கள் வீட்டுக்காரர் முட்டுக்காட்டு கிளப்பில் பணக்காரப் பிள்ளைகளுக்குப் படகு ஓட்டினார். கிளப்பை மூடும்போது முதலாளி அதை அவர் தலையில் கட்டினார். அவர் காலமானபின் அது என் கார் ஷெட்டில் வந்து படுத்தது. பதினாலு அடி நீளம், முன்னால் கண்ணாடி, பின்னால் மீன் வால் போல இரண்டு இறக்கை, முதுகில் அறுபதுகளில் செய்த மோட்டார் ஒன்று. என் கார் வெயிலில் நின்றது. நான் ஒரு வார்த்தை பேசினேனா?

அதை எங்கே ஓட்டுவது? செம்பரம்பாக்கம் ஏரி மெட்ராஸே குடிக்கிற தண்ணீர். இறக்கினால் போலீஸ் வரும். குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷெட்டில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் மோட்டார் ஜாம். கருகல் நாற்றம். கிழட்டு இரும்பு செத்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? “தண்ணி இல்லாம யாரோ ஓட்டிக்கீறாங்க” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் அதைத் தொட்டதே கிடையாது. “நீயே நோண்டி எரிச்சுட்டு எங்க மேல பழி போடறியா?” என்று கேட்டேன். கேட்டதில் என்ன தப்பு?

பொங்கலுக்குள் அவளை வரச் சொல்லுங்கள். படகை எடைக்குப் போட்டுவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
மு. கோதண்டம்


ஒரகடம்
20-1-2025

சம்பந்தி அவர்களுக்கு,

அம்சவல்லி எழுதுவது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. உங்கள் சர்க்கரை எப்படி? இனிப்பைக் குறையுங்கள். கூடவே வாயையும் குறைத்தால் நல்லது.

பொங்கலுக்குள் வரச் சொல்லி எழுதிய கடிதம் மாட்டுப் பொங்கல் கழித்து வந்தது. உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கம்பெனி பஸ் ஒரு தூக்கம் போடுவதற்குள் போய்விடுகிறது. தபாலுக்கு மட்டும் என்ன சுற்றோ.

போனை ஏன் எடுக்கவில்லை என்கிறீர்கள். போன தடவை நான் அழுதுகொண்டே பேசியதை ரெக்கார்டு பண்ணி, உங்கள் குடும்ப குரூப்பில் போட்டவர் யார்? பெங்களூரில் இருக்கிற என் தம்பி பரசுராமன் வரைக்கும் கேட்டு, “அக்கா, உன் கொரலு நல்லாக் கீதே” என்றான். இனி உங்களோடு எனக்கு எழுத்துதான். எழுதியதைத் திருப்பிப் போட்டுக் காட்ட முடியாது, திருப்பிப் படிக்கத்தான் முடியும்.

இப்போது மோட்டார். கார் இஞ்சினுக்கு உள்ளேயே தண்ணீர் இருக்கும். இது படகு மோட்டார். ஓடும்போது ஏரித் தண்ணீரைத் தானே உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். அதற்கு அடிக்காலில் ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதன் காலை முக்கிவிட்டுத்தான் கயிற்றை இழுக்க வேண்டும். காவேரிக்கு இது பால்குடி மறக்கும் முன்னாலேயே தெரியும். அவள் எரிப்பாளா? இங்கே வந்ததும் பிரித்துப் பார்த்தோம். சக்கரம் கருகிய அப்பளமாக இருக்கிறது. பிஸ்டன் இறுகியதே தவிர உடையவில்லை. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து விடுவித்துவிட்டாள்.

கல்யாணப் பந்தியில் நீங்கள் அடித்த பெருமை எனக்கு மறக்கவில்லை. பிரஸ் ஷாப்பில் ஒரு பீஸ் கெட்டால் அதில் சிவப்புச் சீட்டு கட்டுவீர்களாம். மறுநாள் ஷிப்ட் தொடங்கும்போது, கெடுத்தவன் லைன் முன்னால் நின்று பேரைச் சொல்லி, “இது என் கை” என்று சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டால் அதோடு முடிந்ததாம், அப்புறம் ஒருத்தரும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாதாம். உங்கள் சர்வீஸில் சீட்டுக்கு ஆள் வராமல் ஒருநாள்கூட லைன் ஓடியதில்லை என்று சொல்லிக்கொண்டே என் வீட்டு ஜாங்கிரியை மூன்று தின்றீர்கள்.

அந்தச் சீட்டு இப்போது மோட்டாரில் தொங்குகிறது. ஆள் வந்தால் காவேரி வருவாள். வராவிட்டால் வரமாட்டாள்.

அம்சவல்லி தணிகாசலம்


மண்ணூர்
3-2-2025

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

இங்கே நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஜாங்கிரி மூன்றல்ல, இரண்டு.

உங்கள் பாடம் கிடைத்தது. எனக்கு மோட்டார் பாடம்! இருநூறு டன் பிரஸ்ஸைக் காதால் கேட்டே கோளாறு சொன்னவன் நான். புருஷன் படகு ஓட்டினால் பெண்டாட்டி இஞ்சினியர் ஆகிவிட முடியாது. ஆகலாம் என்றால் ராஜம்மா இந்நேரம் பிளான்ட் ஹெட்.

அது ஒரு மோட்டாரா? நாலு தரம் இழுத்தால் செத்த நாய் மாதிரிக் கிடக்கும். ஐந்தாவது இழுப்பில்தான் உயிர் வருகிறது. வந்தவுடன் ஷெட் முழுக்க நீலப்புகை, தகரக் கூரையே அதிர்கிற ஊளை. இப்படிப்பட்ட பிசாசுக்காக ஒரு பெண் தாலி கட்டியவனை விட்டுவிட்டுப் போவாள் என்றால், வளர்ப்பைப் பற்றி நான் என்ன சொல்ல?

சிவப்புச் சீட்டு எல்லாம் கம்பெனிக்குள். குடும்பத்தில் பெரியவன் நிற்கமாட்டான், மற்றவர்கள் நிற்பார்கள். அவளை நின்று மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். பகலவன் சோறு தண்ணி சரியாக எடுப்பதில்லை.

மு. கோதண்டம்


ஒரகடம்
11-2-2025

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முழங்கால் வலியே போய்விட்டது. அப்படி ஒரு சிரிப்பு.

போன மாதம் எழுதினீர்கள், “நான் அதைத் தொட்டதே கிடையாது” என்று. இந்த மாதம் எழுதுகிறீர்கள், ஐந்தாவது இழுப்பில்தான் உயிர் வரும் என்று. ஐயா, அந்த மோட்டாரை உங்கள் வீட்டில் காவேரி ஒருநாளும் கிளப்பியதில்லை. டிரம் வாங்கித்தரச் சொல்லி உங்களைக் கேட்டாள், “படகுக்கு டிரம்மு, டிரம்முக்குக் குடை, அப்பறம் இன்னா?” என்றீர்கள். டிரம் வராததால் அவள் கயிற்றைத் தொடவில்லை. துடைப்பதோடு சரி. நாலு தரம் செத்துக் கிடந்து ஐந்தாவதில் எழும் என்பது இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் போய்ச்சேர்ந்துவிட்டார். மற்றது நானும் காவேரியும்.

இப்போது நாலாவதாக நீங்கள். எப்படித் தெரிந்தது? நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா.

வளர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். என் மகள் பொய் சொல்லத் தெரியாமல் வளர்ந்துவிட்டாள். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ராஜம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

அம்சவல்லி தணிகாசலம்


மண்ணூர்
19-3-2025

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. சளி. பிறகு ராஜம்மாவுக்குச் சளி. பிறகு பேனா கிடைக்கவில்லை.

இழுப்பு விஷயம் எனக்கு வனமாமலை சொன்னது. என்னோடு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர், பக்கத்துத் தெரு. அவர் பார்த்திருக்கிறார். எப்படிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் இந்த மாதிரி விஷயங்களில் ஆர்வம் உள்ளவர். அவருடைய மருமகன் ஒரு பெரிய பைக் வாங்கிவிட்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவான். அதையே பத்து நாளாகப் பேசிக்கொண்டிருந்தார் மனுஷன். பைக் என்ன பைக், அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மண்ணூரிலேயே படகு இருக்கிற வீடு எது என்று கேட்டேன்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. விஷயம் அதுவல்ல. விஷயம், பெரியவர்களிடம் பேசுகிற முறை. அது உங்கள் வீட்டில் இல்லை.

மு. கோதண்டம்


ஒரகடம்
28-3-2025

சம்பந்தி அவர்களுக்கு,

சளி விட்டதா? மிளகு ரசம் வையுங்கள்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். உங்களுக்கு மீசையே மண்ணாக இருக்கிறது, அப்போதும் தட்டிவிடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட சோறாவது நிறையப் போடுவான். நீங்கள் போட்டது ஒரு கைப்பிடி வனமாமலை.

நடந்ததை நானே சொல்லட்டுமா? காவேரி ஷிப்ட்டுக்குப் போயிருந்தாள். வனமாமலை வந்தார். அவர் மருமகன் பைக்குக்கு எதிராக உங்கள் மருமகள் படகைக் காட்ட உங்களுக்கு ஆசை வந்தது. கார் கம்பெனிக்காரருக்கு எல்லா மோட்டாரும் கார் மோட்டார்தான். பெட்ரோலை ஊற்றி இழுத்தீர்கள். வனமாமலை வாயைப் பிளக்கப் பிளக்க முறுக்கினீர்கள். அது தண்ணீர் தண்ணீர் என்று கத்திக்கொண்டே செத்தது.

அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால் போதும். “காட்டணும்னு ஆசப்பட்டேம்மா, எரிஞ்சிப்போச்சு.” காவேரி சிரித்திருப்பாள். அவள் அப்பா படகை நீங்கள் பெருமையாகக் காட்டினீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். அதை விட்டுவிட்டு, அவளையே பொய்க்காரி ஆக்கினீர்களே. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

இன்னொன்று. அவள் வேலை பார்க்கிற ஒயரிங் கம்பெனி குஜராத்தில் புது பிளான்ட் போடுகிறது. இங்கிருந்து ஆள் கேட்கிறார்கள். மே மாதம் நடுவில் பதில் சொல்ல வேண்டும். “போவட்டாம்மா?” என்று கேட்கிறாள். போனால் திரும்ப மாட்டாள், எனக்குத் தெரியும். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. எனக்கு வயிறு எரிகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இதையும் குரூப்பில் போடுங்கள்.

அம்சவல்லி தணிகாசலம்


மண்ணூர்
7-4-2025

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

நலம். ரசம் வைத்தாள், உப்பு அதிகம்.

உங்கள் கற்பனைக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

குஜராத்தில் வெயில் ஜாஸ்தி. சாப்பாட்டில் சர்க்கரை போடுவார்கள்.

உங்கள் வீட்டுக்கு நேர் எதிரில்தானே பஸ் ஸ்டாப்? விடியற்காலை ஏ ஷிப்ட்டுக்கு எங்கள் கம்பெனி பஸ் அங்கே எத்தனை மணிக்கு வருகிறது? முன்பு ஐந்தே முக்கால். இப்போது மாற்றிவிட்டார்களா? சும்மாதான் கேட்டேன்.

மு. கோதண்டம்


ஒரகடம்
22-4-2025

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். நீங்கள் வந்தபோது காபி தந்தேன், குடிக்காமலே போய்விட்டீர்கள். அதை நாய்க்கு ஊற்றினேன். அதுவும் குடிக்கவில்லை.

அன்றைக்கு எதிரில் நின்று உங்களோடு பேச எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாப்பில் ஏ ஷிப்ட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டு, ரிட்டையர்மென்ட் அன்று கொடுத்த வாட்சைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது. கேட்டுக்குள் படகு பக்கத்தில் நேராக நின்று, ரோட்டைப் பார்த்து, “கோதண்டம், பிரஸ் ஷாப்! இந்த மோட்டார எரிச்சது நான்! மருமவ மேல பழி போட்டதும் நான்! இது என் கை!” என்று கத்தினீர்கள். அப்பா, என்ன தொண்டை! என் கோழி இன்னும் முட்டையிடவில்லை. ஸ்டாப்பில் நின்றவர்களில் பாதிப் பேர் உங்களிடம் அந்தக் காலத்தில் சீட்டு வாங்கினவர்கள். ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

சொன்னால் முடிந்தது என்பது உங்கள் சட்டம். நானும் முடித்துவிட்டேன். இனி உங்கள் மோட்டாரைப் பற்றி வாய் திறக்கமாட்டேன்.

நீங்கள் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த ரப்பர் சக்கரம் அளவு தப்பு. பிரஸ் ஷாப் ஃபோர்மேன் அளவெடுத்த லட்சணம். எரிந்துபோன பழைய சக்கரத்தை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

காவேரி அறையிலிருந்து எல்லாம் கேட்டாள். அழுதாள். நான் பெட்டியைக் கட்டட்டுமா என்றேன். அப்போது ஒன்று சொன்னாள். “மாமா சொல்ட்டாரு. அன்னிக்கு இவரு நைட் ஷிப்ட் முடிச்சி வூட்லதான் படுத்துக்கினு இருந்தாரு. கூரையே அதிர்ற சத்தம்னு மாமாவே எழுதிக்கீறாரு. இவரு காதுல வுழலியா?”

நான் இத்தனை நாளாக உங்களையே திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் மோட்டாரை எரித்தீர்கள், அவ்வளவுதான். பகலவன் தெரிந்துகொண்டே அவளைப் பழியோடு குட்டியானையில் ஏற்றிவிட்டிருக்கிறான். படகைக் கட்டக் கயிறு எடுத்துக்கொடுத்ததே அவன்தானாம்.

அவனை இழுத்துக்கொண்டு வராதீர்கள். நீங்கள் கொண்டுவந்து நிறுத்தினால் அதுவும் உங்கள் கைதான். குஜராத்துக்குப் பதில் சொல்ல இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

அம்சவல்லி தணிகாசலம்


மண்ணூர்
8-5-2025

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

இங்கே ராஜம்மா நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பகலவன் படித்தான். மடித்து வைத்துவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டான். என் பிள்ளையை நான் இப்படித் திட்டியதே இல்லை. லைனில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கையை விட்டுக் கெடுத்தவனை மன்னித்துவிடலாம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டீ குடிக்கப் போகிறவன் எந்த வேலைக்கும் ஆகமாட்டான். அப்படி ஒருவனை என் வீட்டிலேயே வளர்த்து வைத்திருக்கிறேன். எனக்குப் பயந்து வளர்ந்தான். அது மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி நான் அவனை இழுக்கவில்லை. பழைய சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டையில் ரப்பர் பாகம் செய்கிற ஒரு ஷெட்டுக்குப் போனேன். என் பழைய ஆள் நடத்துகிறான். இரண்டு தரம் வார்த்து, மூன்றாவதில் அளவு வந்தது. கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். அதை டி.வி. மேல் வைத்தேன்.

இன்று விடியற்காலை அவன் கம்பெனி பஸ்ஸுக்குப் போகவில்லை. பைக்கை எடுத்தான். “எங்கடா?” என்றேன். கிளப்பிக்கொண்டு போய்விட்டான். டி.வி. மேல் பார்த்தேன். சக்கரம் இல்லை.

இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது. அவன் போனை அணைத்துவிட்டான். நீங்கள் போனே எடுக்கமாட்டீர்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மு. கோதண்டம்


ஒரகடம்
14-5-2025

சம்பந்தி அவர்களுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்கிறீர்கள். பகலவன் உங்களுக்குப் போன் பண்ணி ‘இங்கதான் கீறேன்’ என்று சொன்னானே, இன்னுமா உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்து கை கால் கழுவுங்கள். மற்றதை அவன் போனில் சொல்லியிருக்க மாட்டான், நான் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளைக்கு உங்கள் தொண்டை வாய்க்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு மோட்டாரைப் பார்த்து என்னவோ முனகினான். அது மந்திரமா, மன்னிப்பா என்று எனக்கே புரியவில்லை. காவேரி படியில் நின்றாள். “இன்னா சொல்றே? பஸ்ஸாண்ட கீறவங்களுக்குக் கேக்கல” என்றாள்.

திரும்பிப் பார்த்தான். ஸ்டாப்பில் வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஜன்னலாக அவன் லைன் பிள்ளைகள். முகம் வெளுத்துவிட்டது. ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் பஸ் டிரைவர் திருமலை இஞ்சினை அணைத்தார். நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை, வம்பு கேட்கத்தான். ஆனாலும் அணைத்தார்.

“பகலவன், இன்ஸ்பெக்‌ஷன். எங்கப்பா மோட்டார ஓட்னது எனக்குத் தெரியும். சத்தத்துல முழிச்சிக்கினேன். கேட்டா சண்ட வரும்னு போர்வைய இழுத்துப் போத்திக்கினேன். எம் பொண்டாட்டி மேல பழி வுழுந்தப்போவும் போத்திக்கினேதான் இருந்தேன். இது என் கை.”

பஸ் போய்விட்டது. அவன் நின்றுகொண்டே இருந்தான். அடுத்து என்ன செய்வதென்று சீட்டுச் சட்டத்தில் இல்லை போலிருக்கிறது. காவேரி இறங்கி வந்து அவன் சட்டைப் பையில் கையை விட்டு ரப்பர் சக்கரத்தை எடுத்தாள். விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தாள். “அளவு சரியாக் கீது” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

குஜராத்துக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை குட்டியானையில் என் மகள், உங்கள் மகன், படகு மூன்றும் வருகின்றன. உங்கள் காரை எடுத்து வெயிலில் நிறுத்துங்கள். அதற்கு அதுவே அதிகம்.

ஒரு டிரம் வாங்கி, விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பி வையுங்கள். வனமாமலையையும் வரச் சொல்லுங்கள்.

அம்சவல்லி தணிகாசலம்